மேல் வீட்டுத் தரையும் கீழ் வீட்டுச் சிவப்பும்

கட்டட நிர்வாகி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சந்தேகப்பட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் மாதத்திலேயே அது தானாக வந்துவிடும். மேல் வீட்டுக்காரர் கீழ் வீட்டின்மேல் புகார் கொடுப்பார், கீழ் வீட்டுக்காரர் மேல் வீட்டின்மேல் கொடுப்பார், இருவரும் சேர்ந்து உங்கள்மேல் கொடுப்பார்கள். குழாய், பூச்சு, சட்டவிதி எல்லாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை. செந்தூலில் நான் கடைசியாகப் பார்த்த கட்டடத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எல்.ஆர்.டி ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய அடுக்குமாடி அது. நான் அங்கே பொறுப்பேற்ற வாரமே ஜெயந்தி அலுவலகத்துக்கு வந்தார். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நின்றுகொண்டே பேசினார்.

“அக்கா, மேல் வீட்டுக்காரரு பாத்ரூம் தரைய அவரே ஒடச்சுப் புதுசாப் போட்டாரு. அதுலேருந்து எங்க வீட்டுல தண்ணி. முன்னாடி இருந்த மேனேஜர்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். நீங்களாவது வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். அவருடைய குளியலறை சீலிங்கில், விளக்குக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு கறை இருந்தது. கையை வைத்தேன். காய்ந்திருந்தது. விளிம்பில் தூசி படிந்திருந்தது. அது மேல் வீட்டுத் தரை உடைபடுவதற்குப் பல வருடங்கள் முன்பே வந்த கறை என்று பார்த்தவுடனே தெரிந்தது. இந்த அம்மா எதற்காகப் பழைய கறையைக் காட்டுகிறார் என்ற கேள்வி அங்கேயே எனக்குள் விழுந்துவிட்டது. அடுத்தவர் செலவில் தங்கள் குளியலறையைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேலே போனேன். சுகுமாரன், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கதவைப் பாதிதான் திறந்தார்.

“அவங்க அனுப்பிச்சாங்களா?”

“நான் எல்லா வீட்டையும் பாக்கிறவ. உங்க வீட்டையும் பாக்கணும்.”

உள்ளே விட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவர் போட்டிருந்த தரை அழகாக இருந்தது. சாம்பல் நிறச் சொரசொரப்பு டைல்ஸ், இடுக்குகள் நூல் பிடித்ததுபோல் நேராக. ஒரு திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக் காட்டினார். ஒன்றிலும் வெற்றொலி இல்லை. முன்பு ஒருமுறை காண்ட்ராக்டரை விட்டுச் செய்த தரை தட்டினால் தகரம் மாதிரி சத்தம் போட்டதாம். அதனால் இந்த முறை யாரையும் உள்ளே விடவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வார இறுதிகளில் தானே செய்தார். மனைவி மல்லிகாவுக்கு முழங்கால் சரியில்லை. பழைய வாசல் மேட்டில், அதாவது தண்ணீர் வெளியே வராமல் குளியலறை வாசலில் கட்டியிருக்கும் தடுப்பில், ஒருமுறை இடறி விழுந்திருக்கிறார். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் தாழ்வாகப் புதிதாக ஒன்று வைத்ததாகச் சொன்னார்.

“வாட்டர்ப்ரூஃபிங் ஒழுங்கா அடிச்சீங்களா?”

அவர் ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு அடித்த தரையில் தண்ணீர் நிறுத்தி எடுத்தது. எனக்கு அதுவும் உறுத்தியது. தன் வீட்டுக் குளியலறைத் தரையை யார் வீடியோ எடுத்து வைப்பார்கள்? நாளை விசாரணை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் எடுப்பார். கேட்டுவிட்டேன்.

“தெரியும், மேடம்,” என்றார். “இந்த பில்டிங்ல யாராவது வந்து கேக்காம இருப்பாங்களா?”

ஆக, கீழே பழைய கறையைக் காட்டும் ஒருவர். மேலே கேட்பதற்கு முன்பே சாட்சி தயாராக வைத்திருக்கும் ஒருவர். இருவரையும் நான் நம்பவில்லை.

சோதனை வைத்தோம். தண்ணீர் வடியும் துளையைத் துணி சுற்றிய பந்தால் அடைத்துவிட்டு, பலகாரத்துக்குப் போடும் சிவப்புப் பொடியைக் கரைத்து மேல் வீட்டுக் குளியலறையில் ஊற்றினேன். ஒரு நாள் நிற்கட்டும் என்று ஏற்பாடு. நிர்வாகக் குழுத் தலைவரும் கூட இருந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. சிவப்புத் தண்ணீரைப் படம் பிடித்து, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். “சோதனை ஆரம்பம்” என்று கீழே எழுதினார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போட்டு முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஜெயந்தியின் சீலிங்கில் சிவப்பு.

தலைவர் வந்து பார்த்தார். “முடிஞ்சது லா, மேடம். சுகுமாரன் தரைய ஒடைக்கட்டும்.”

சுகுமாரனும் இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தன் கையால் செய்த வேலை தோற்றுப்போன முகம் அது. அந்த முகத்தை நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாள், தரையை உடைக்கச் சொல்லிச் சுகுமாரனுக்குத் தகவல் கொடுப்பதற்குமுன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். “பசியாறிட்டீங்களாக்கா?” என்று வழக்கம்போல் கேட்டார். பசியாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு முக்காலியில் ஏறினேன்.

கறையைச் சுற்றி எறும்புகள். விளக்கு மூடியின் ஓரமாக வரிசையாக வந்து அந்தச் சிவப்பில் மொய்த்துக்கொண்டிருந்தன. காங்கிரீட் வழியாக இறங்கிய தண்ணீரைத் தேடி எந்த எறும்பும் வராது. நான் கரைத்த பொடியில் இனிப்பு கிடையாது. விரலால் தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. ஐஸ் போட்டுக் குடிக்கும் ரோஸ் சிராப்.

திரும்பிக் கீழே பார்த்தேன். ஜெயந்தி குளியலறை வாசலில் நின்று, அவரும் எறும்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எறும்பு வந்திருக்கு, ஜெயந்தி.”

“காலையிலயே பாத்தேன்கா. துடைக்கலாம்னு நெனச்சேன். துடைச்சா கலர் போயிடும்.”

முக்காலியிலிருந்து இறங்கினேன். இந்த இடத்தில் உங்களில் பலர் கோப்பை மூடிவிடுவீர்கள். எனக்கும் கை அப்படித்தான் போனது. பொய் கையும் களவுமாகப் பிடிபட்டால் வருகிற ஒரு நிம்மதி இருக்கிறதே, அது பொல்லாதது. வேலை முடிந்துவிட்டது என்று நம்மை நம்பவைத்துவிடும்.

“ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“படத்துல செவப்பா இருந்துச்சு. வீட்டுல சிராப் இருந்துச்சு.” எறும்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “சீலிங்ல பூசினது பொய்தான். தண்ணி பொய் இல்லக்கா.”

“எங்க தண்ணி? காட்டுங்க.”

“காட்ட முடிஞ்சா ஏன் பூசப் போறேன்?”

அப்போதுதான் அவர் முழுக்கதையையும் சொன்னார். படுக்கையறையில்தான் தையல் மெஷின். சாயங்காலம் மேலே குளிக்கிற சத்தம் கேட்டால், கொஞ்ச நேரத்தில் வீட்டு மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். வீடு முழுக்க இருட்டு. பழைய நிர்வாகி, மெஷின் பழசு என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கையின் மெஷினை வாங்கிவந்து போட்டுப் பார்த்தும் மெயின் விழுந்தது. சுவரை ஒட்டிய அலமாரியில் வாடிக்கையாளர்களின் சேலைகள். அதில் ஒரு கல்யாணச் சேலையில் புள்ளிப் புள்ளியாகப் பூசணம் பிடித்து, அந்தக் குடும்பமே இப்போது அவரிடம் வருவதில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

“இதச் சொன்னா யாருக்கா நம்புறாங்க? தண்ணின்னா எல்லாரும் சீலிங்கத்தான் பாக்கிறாங்க. எங்க கறைன்னு கேக்கிறாங்க. இருந்த கறையக் காட்டினேன். அது பழசுன்னு உங்க மூஞ்சிலயே தெரிஞ்சுச்சு.”

அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சற்றுமுன் பொய் சொன்னவர். ஆனால் மெயின் விழுவதை சிராப் பூசிக் காட்ட முடியாது. அன்று சாயங்காலம் அவருடைய படுக்கையறையில் போய் உட்கார்ந்தேன். அவர் மெஷினைப் போட்டு ஒரு ரவிக்கையின் கைப்பகுதியைத் தைத்துக்கொண்டிருந்தார். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் துணியில். காலையும் பார்த்தேன், ஏதாவது ஒயரை மிதிக்கிறாரா என்று. இல்லை. பொத்தான் பட்டிக்கு வந்தபோது விளக்கு போனது. மெஷின் நின்றது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, அலமாரிச் சுவரில் மெஷின் சொருகும் சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே துரு. பெட்டியின் அடியில் தண்ணீர் கோத்து நின்றது. அவர் கையை இழுத்துக்கொண்டார். “இந்த மெயின் ஒழுங்கா விழுந்ததால அக்கா உயிரோட இருக்காங்க,” என்றார். ஜெயந்தி மெயின் விழும்போதெல்லாம் அதைத் திட்டிக்கொண்டிருந்தவர். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆக, தண்ணீர் இருந்தது. ஆனால் குளியலறையில் இல்லை. என் சிவப்புத் தண்ணீர் ஒரு நாள் முழுக்க மேலே நின்றும் கீழே ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியானால் மேல் வீட்டிலிருந்துதான் வருகிறதா? வேறு குழாயா? வெளிச்சுவர் மழைநீரா? சுகுமாரனின் வீடியோ நினைவுக்கு வந்தது. அனுப்பச் சொல்லி, அலுவலகத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவர் தரைக்கு நல்ல சரிவு கொடுத்திருந்தார். தண்ணீர் வடியும் துளைப் பக்கம் நன்றாக நின்றது. வாசல் பக்கம் தரை காய்ந்தே இருந்தது. நான் வைத்த சோதனையிலும் அப்படித்தான். இரண்டு தடவையும் வாசலைத் தண்ணீர் தொடவே இல்லை. அவர் பெயர்த்தெடுத்துப் புதிதாக வைத்த, குளிக்கும்போது தண்ணீர் தெறித்து விழும் அந்த வாசல் மேட்டை யாருமே சோதிக்கவில்லை. அதற்கு நேர் கீழேதான் ஜெயந்தியின் அலமாரிச் சுவர்.

தலைவரிடம் போனேன். சிராப் விஷயத்தை அவரிடம் மறைக்க முடியாது, சொன்னேன். அவர் சிரித்தார்.

“கேஸ் குளோஸ், மேடம். பொய் சொல்லி மாட்டிக்கிட்டா. நான் குரூப்ல போட்டுடறேன்.”

“சாக்கெட்ல தண்ணி இருக்கு.”

“அவளே ஊத்தியிருப்பா லா. சீலிங்ல பூசினவளுக்கு சாக்கெட்ல ஊத்தத் தெரியாதா?”

நியாயமான சந்தேகம்தான். எனக்கும் அது வந்தது. ஆனால் சாக்கெட்டில் இருந்த துரு ஒரே நாளில் பிடித்தது இல்லை. அதைவிட, அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும், நான் தவறு என்றால் ஒரு சோதனை வீணாகும். அவர் தவறு என்றால் அடுத்த முறை மெயின் விழாமல் போகலாம். இரண்டையும் எடை போடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். குரூப்பில் போடுவதாக இருந்தால் என் ராஜினாமாவையும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

இனி சுகுமாரனிடம் மறுபடியும் தண்ணீர் ஊற்றக் கேட்க வேண்டும். அவர்மேல் விழுந்த பழி பொய் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை நான் சொல்வதாக இல்லை. ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

கதவு பாதி திறந்தது. ஜெயந்தி நேராகச் சொன்னார்.

“அண்ணே, அந்தச் செவப்பு உங்க வீட்டுத் தண்ணி இல்ல. நான் பூசினது.”

சுகுமாரன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டு நாளா நான் தூங்கல. எந்த எடத்துல தப்புப் பண்ணேன், எந்த எடத்துல தப்புப் பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கீழ நிக்கிறவங்க எல்லாம் என்னைப் பாத்து, ‘சொந்தமா செஞ்சா இப்படித்தான்’னு பேசிட்டாங்க. இப்ப பூசினேன்னு சொல்றீங்க.”

“தப்புத்தாண்ணே.”

“சரி. சொல்லிட்டீங்க. போங்க.”

நான் குறுக்கே புகுந்தேன். வாசல் மேட்டைச் சோதிக்க வேண்டும் என்றேன்.

“மேடம், அவங்க பொய் சொன்னாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இன்னும் என்னைத்தான் சந்தேகப்படுவீங்களா?”

“ஆமா. ரெண்டு பேரையும்.”

உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. “ஊத்திப் பாக்கட்டும், விடுங்க. நம்ம தரை நல்லா இருந்தா நமக்கென்ன பயம்?”

குளியலறை வாசலில் குனிந்து பார்த்தேன். மேட்டுக்கு வெளியே தடித்த மிதியடி ஒன்று, கனமாக ஈரம் ஏறிக் கிடந்தது. அதைத் தள்ளினேன். கதவு நிலையின் அடிப்பக்கம் லேசாக உப்பியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் புது வெள்ளைப் பெயிண்ட். நிலையின் மீதி எல்லாம் பழைய பெயிண்ட். நான் ஒன்றும் கேட்கவில்லை. சுகுமாரன் நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நீலம். படம் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. காலையிலேயே ஊற்றினோம், வாசல் மேட்டின் அடியைத் தண்ணீர் நன்றாகத் தொட்டு நிற்கும்வரை. மேலே தலைவரும் சுகுமாரனும் நின்றார்கள். கீழே அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டு, சுவருக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்றில் நான். இன்னொன்றில் மல்லிகா. மேல் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தாக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். லிஃப்டில் இறக்கி, கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். ஜெயந்தியைச் சுவர்ப்பக்கம் வரவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து கையால் ஹூக் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். மற்றபடி சத்தம் இல்லை. தலைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். சுவர் வெள்ளையாகவே இருந்தது. ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது, இந்தக் கூத்தை நான் எதற்கு நடத்துகிறேன் என்று. எழுந்து ஜன்னல் பக்கம் போய் இடுப்பை நிமிர்த்தினேன்.

“மேடம்,” என்றார் மல்லிகா. “அங்க பாருங்க.”

சுவரின் உச்சியில், சீலிங் சேரும் கோட்டில், வெளிறிய நீலமாக ஒரு கீற்று. விரல் நகத்தின் அளவுதான். நான் திரும்பும்வரை அவர் பேசாமல் இருந்திருக்கலாம். முக்காலியில் ஏறித் துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது என்று சொல்லலாம், ஆனால் அந்த முழங்காலோடு அவரால் ஏற முடியாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும். தன் புருஷன் தனக்காகச் செய்த வாசல் அது. அவர்தான் முதலில் சொன்னார்.

சுகுமாரன் இறங்கி வந்தார். முக்காலியில் ஏறி அந்த நீலத்தில் விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தார். இனிப்பு இல்லை.

“யாரும் கிட்டப் போகலைங்க,” என்றார் மல்லிகா. “நான் கண்ண எடுக்கவே இல்ல.”

அவர் தலையசைத்தார். முக்காலியிலிருந்து இறங்க வெகுநேரம் ஆனது. ஜெயந்தி வாசலில் வந்து நின்று நீலத்தைப் பார்த்தார். ‘நான் சொன்னேனே’ என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். சுகுமாரன் வாசல் மேட்டை மட்டும் உடைத்தார். அடியில் பூச்சு இல்லை. தரைக்கு எல்லாம் இரண்டு கை அடித்தவர், மேட்டை வைக்கும்போது வெறும் சிமெண்டில் உட்கார வைத்துவிட்டார். வீடியோவில் அந்தப் பகுதி வரவில்லையாம். திரும்பவும் அவரே செய்தார், யாரையும் கூப்பிடவில்லை. மூடுவதற்குமுன் ஜெயந்தியை மேலே வந்து பார்க்கச் சொன்னார். ஜெயந்தி வந்து, ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வீடும் நட்பாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். லிஃப்டில் இன்றும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி.

நீங்கள் சந்தேகப்படுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆள்மேல் ஒரு சந்தேகம், தண்ணீர்மேல் ஒரு சந்தேகம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்கிறவர் வீட்டிலும் சுவர் ஒழுகும். நேர்த்தியாக வேலை செய்தவர் வீட்டிலும் ஒழுகும்.

வேலையெல்லாம் முடிந்த சில நாட்களில் சுகுமாரன் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், அந்தக் கதவு நிலையில புதுப் பெயிண்ட் பாத்தீங்கல்ல.”

“பாத்தேன்.”

“தெரிஞ்சே மறைச்சிருக்கான்னு நெனச்சீங்களா?”

“நெனச்சேன்.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“உப்பியிருந்துச்சு. அசிங்கமா இருக்கேன்னு அடிச்சேன். ஏன் உப்புதுன்னு அப்ப நான் கேட்டுக்கவே இல்ல. கேட்டா ஒடைக்கணுமேன்னு கேக்காம விட்டேனா, இல்ல நெசமாவே தோணலயா, எனக்கே இன்னும் தெரியல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த விவகாரம் முழுக்க எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். கேட்டவுடன் நான் நம்பியது அந்த ஒன்றைத்தான்.